பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஒரு பந்தி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மதியத்தில், கையில் ரச வாளியோடு நான் மயங்கி விழுந்தேன். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு சைவ மெஸ்ஸில் நான் சப்ளையர். அன்றைக்குக் கோயிலில் தரிசனம் முடித்து வந்த கூட்டம் வாசல்படி வரை நின்றது. ஒரு பந்தி எழுந்திருப்பதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் ஒருவர் சோற்றில் குழி செய்து, "ரசம்" என்று கையைக் காட்டினார். அவர் இலையை நோக்கிக் குனிந்தது வரைக்கும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது தரையெல்லாம் ரசம். நல்லவேளை, யார் மேலும் கொட்டவில்லை. முதலாளியம்மா என் தலையைத் தூக்கிப் பிடித்து, சர்க்கரை கரைத்த தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கை அப்படியே நிற்க என்னையே பார்த்தார்கள். எனக்கு மயக்கத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

"காலைல இன்னா சாப்ட்டே?" என்று அம்மா கேட்டார்.

"டீ குடிச்சேம்மா."

"அப்பறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. நான் பார்வையைத் தாழ்த்தியதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

ஓட்டல் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. வெளியில் இருப்பவர்கள்தான், "உங்களுக்கென்ன, நாள் பூரா சாப்பாட்டுக்கு நடுவுலயே இருக்கீங்க" என்பார்கள். உண்மைதான், நடுவில்தான் இருக்கிறோம். எனக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். விடிவதற்கு முன்னால் கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் காலை டிபனுக்குக் கடை திறக்கும்போது நிற்க முடியும். டிபன் கூட்டம் ஓய்ந்ததும் மேஜை துடைத்து, இலை நறுக்கி, தண்ணீர் பிடித்து வைப்பதற்குள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிடும். கடைசிப் பந்தி எழுந்த பிறகு நாங்கள் சோற்றில் கை வைக்கும்போது நாலு மணி ஆகியிருக்கும். அதுவும் உட்கார்ந்து அல்ல. சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மிஞ்சியதைத் தட்டில் போட்டு நின்றபடியே நாலு வாய். பொரியல் இருந்தால் அதிர்ஷ்டம்.

இதை எங்கள் மெஸ்ஸின் குறையாகச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இப்படித்தான். இதற்கு முன்பு சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் சில வருடம் இருந்தேன். அங்கே மாதாமாதம் சிறந்த ஊழியர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, போட்டோ எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவார்கள். ஒரு மாதம் என் போட்டோவும் மாட்டினார்கள். டை கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பேன். மானேஜர் எல்லார் எதிரிலும் கை கொடுத்தார், மற்றவர்கள் கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கும் ஐந்து மணிக்கு மாடிப்படிக்குக் கீழே குந்திக்கொண்டுதான் சாப்பிட்டேன். அதில் ஏதோ முரண் இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் முதலாளியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். மெஸ்ஸை ஆரம்பித்தது அவருடைய கணவர். கணவருக்கு உடம்பு முடியாமல் போனதும், அதுவரை சமையல்கட்டில் இருந்த அம்மா முன்னால் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். கல்லாவில் அவருடைய தம்பி உட்காருவார். அம்மாவுக்குச் சத்தம் போட்டுப் பேச வராது. புகழ்ந்து பேசவும் வராது. சாம்பார் நன்றாக இருந்தால் சமையல் மாஸ்டரிடம் ஒன்றும் சொல்லமாட்டார். இன்னொரு கரண்டி வாங்கிக் குடிப்பார், அவ்வளவுதான். மாஸ்டரும் அதைப் புரிந்துகொண்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

மயங்கி விழுந்த அன்று என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் பார்த்துவிட்டு, வியாதி ஒன்றும் இல்லை, வெறும் வயிறுதான் காரணம் என்றார். ஓய்வெடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். திரும்பிய அன்று காலை டிபன் கூட்டம் முடிந்ததும் அம்மா எங்கள் எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். சமையல் மாஸ்டர், அவருக்கு உதவியாக இருப்பவர்கள், சப்ளையர்கள், மேஜை துடைப்பவர், பாத்திரம் கழுவும் அக்கா, எல்லாரும் வரிசையாக நின்றோம். நான் விழுந்ததற்காக யாருக்கோ திட்டு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"நாளைலேர்ந்து மத்தியானம் மொதல் பந்தி உங்களுக்கு" என்றார் அம்மா. "பதினொன்றரைக்கு சோறு எறங்கிடும். எல்லாரும் இங்க ஹால்லதான் உக்காந்து சாப்பிடணும். இலை போட்டு. நீங்க எழுந்த அப்பறம்தான் கதவத் தெறக்கறோம்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்லாவிலிருந்து தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அக்கா, இன்னா பேசற நீ? பதினொன்றரைக்கே வண்டிங்க வர ஆரம்பிச்சுடும். வெளிய நிக்க வெச்சா எதிர் ஓட்டலுக்குப் போயிடுவாங்க."

"போனா போவட்டும்."

"சீக்கிரமா சாப்பிடணும், அவ்ளோதானே? பின்னால உக்காந்து சாப்பிடட்டுமே."

"பின்னால எங்கடா எடம் கீது? தொட்டி பக்கத்துலயா? நம்ம வூட்டுக்கு வந்தவங்கள அங்க உக்கார வெச்சு சோறு போடுவியா நீ?"

அம்மா ஒரு சின்னக் கரும்பலகையை எடுத்து, சாக்பீஸால் எழுதினார். 'எங்கள் ஊழியர்கள் சாப்பிடும் நேரம். பன்னிரண்டு மணிக்குத் திறப்போம்.' மறுநாள் அதைக் கதவில் மாட்டினார்.

முதல் நாள் நாங்கள் பட்ட கூச்சத்தைச் சொல்லி முடியாது. வருடக்கணக்காகத் துடைத்த மேஜைதான், இழுத்துப் போட்ட நாற்காலிதான். அதில் உட்காரக் கால் வரவில்லை. பாத்திரம் கழுவும் அக்கா சமையல்கட்டு வாசலைத் தாண்டவே இல்லை.

"எனக்கு வாணாம்மா. நான் இங்கயே சாப்புடறேன். பொடவ ஈரமா கீது, நாற்காலி நனைஞ்சிடும்."

"நனைஞ்சா காயும். வா, உக்காரு" என்று அம்மா அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து, ஃபேனுக்கு அடியில் இருந்த நாற்காலியில் உட்காரவைத்தார்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் மலை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நின்றுகொண்டு பரிமாறுகிறவனுக்கு இலைதான் தெரியும். அம்மாவே இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கூட்டும் பொரியலும் வைத்து, ஆவி பறக்கும் சோற்றைப் போட்டார். யாரும் கை வைக்கவில்லை. மாஸ்டர்தான் முதலில் கூட்டை எடுத்து வாயில் போட்டார். போட்டவர் முகம் சுளித்தார்.

"கூட்டுல உப்பு கொஞ்சம் ஜாஸ்தியா கீதும்மா" என்றார், வேறு யாரோ சமைத்த மாதிரி.

எல்லாரும் சிரித்துவிட்டோம். தான் சமைத்ததை மாஸ்டர் சூடாக, உட்கார்ந்து சாப்பிடுவது அன்றுதான் முதல் தடவையாம். அந்தச் சிரிப்பில் கூச்சம் பாதி போனது. கூட்டை அவர் சரிசெய்த பிறகுதான் கதவு திறந்தது.

அப்படியே நாட்கள் போயின. பலகையைப் படித்துவிட்டுச் சிலர் நின்றார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் நேராக எதிர்ப்பக்கம் போனார்கள். போகிற ஒவ்வொரு காரையும் கல்லாவில் இருந்த தம்பி எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எங்களுக்கு அது கேட்கும். வாயில் வைத்த சோறு கொஞ்சம் கனக்கும். வேகவேகமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவோம். அம்மா, "மெதுவா" என்பார். நாங்கள் கேட்கமாட்டோம். இது எத்தனை நாளைக்கு நடக்கும், ஒரு மாதம் போனால் அம்மாவே பலகையைக் கழற்றிவிடுவார் என்றுதான் எனக்குள் நினைத்திருந்தேன்.

வைகாசி பிறந்து, பள்ளிக்கூட லீவு முடியப் போகிற சமயம். ஒருநாள் நாங்கள் சாப்பிட்டு மோர் கட்டத்துக்கு வந்திருந்தோம். எதிரே வேப்பமரத்தடியில் ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்ததும் என் கால் தானாக எழுந்துவிட்டது. பழக்கம். என்னைப் பார்த்து மற்ற சப்ளையர்களும் பாதி எழுந்தார்கள். மோர்ப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்த அம்மா என் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"நீ எங்க போற? மோர் ஊத்திக்கோ."

பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவரே வாசலுக்குப் போனார். பஸ்ஸிலிருந்து குழந்தைகள், பெண்கள், வயதானவர்கள் என்று இறங்கி வந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களைக் கூட்டி வந்தவர், நல்ல பெரிய உடம்பு, கழுத்தில் துண்டு, நெற்றி நிறைய விபூதி, எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார். பலகையைப் படித்தார்.

"ஏம்மா, ஒரு பஸ்சு ஆளுங்க வந்திருக்கோம். காலைலேர்ந்து கியூவுல நின்னு சாமி பாத்துட்டு வரோம். கதவச் சாத்திக்கினு இன்னா பண்றீங்க?"

"எங்க ஆளுங்க சாப்புட்டுக்கினு இருக்காங்க சார். பன்னெண்டுக்குத் தெறந்துடுவோம். இன்னும் கொஞ்ச நேரந்தான். நெழல்ல உக்காருங்க. கொழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் மோர் குடுக்கறேன்."

"மோர் இருக்கட்டும். வேலக்காரங்க சாப்பிடறதுக்கு கஸ்டமரு வெளிய நிக்கணுமா? இதெந்த ஊரு நியாயம்?"

கதவு கண்ணாடிக் கதவு. அவர் பேசுவது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. அவர் கண்ணாடியில் கை வைத்து உள்ளே எட்டி, அக்காவின் ஈரப் புடவையைப் பார்த்தார்.

"பாத்திரம் கழுவற அம்மால்லாம் ஃபேனுக்கு அடியில உக்காந்துகினு இருக்கு. நாங்க வெயில்ல நிக்கறோம். நல்லா கீதும்மா உங்க ஓட்டலு."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. இலையை மூடப் போனார். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டார். அத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"இலைய மூடாத! உக்காரு."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா வெளியே நின்றவரிடம் திரும்பினார். குரல் பழையபடி இறங்கியிருந்தது.

"சார், இவங்க விடிகாலைலேர்ந்து நின்னுகினு இருக்காங்க. இன்னும் சாயங்காலம் வரைக்கும் நிக்கணும். உங்களுக்குப் பரிமாறப் போறவங்களும் இவங்கதான். உங்க பசி எனக்குப் புரியுது. நீங்க வேற எடத்துக்குப் போறதுன்னாலும் போங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா சாப்பிட உக்காந்தவங்கள நான் எழுப்ப மாட்டேன்."

இதைச் சொன்னபோது அவர் கண் பஸ்ஸின் பக்கம் போய் வந்தது. நான் பார்த்தேன். பயம் இல்லாமல் ஒன்றும் அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு பஸ் கூட்டம் என்றால் எங்கள் மெஸ்ஸுக்கு அது சின்ன விஷயம் கிடையாது. தம்பி கல்லாவை விட்டு எழுந்துவந்து அவர் பக்கத்தில் நின்று, "அக்கா, அக்கா" என்று மெல்லக் கெஞ்சினார். அம்மா அசையவில்லை.

கூட்டி வந்த அந்தப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எல்லாரும் வண்டில ஏறுங்க! இந்த ரோட்ல இது ஒண்ணுதான் ஓட்டலா?" என்று கத்தினார். ஜனங்கள் முனகிக்கொண்டே திரும்பினார்கள். ஒரு குழந்தை அழுதது.

உள்ளே நாங்கள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தோம். "நம்மளால அம்மாவுக்கு நஷ்டம்" என்றார் மாஸ்டர், இலையைப் பார்த்தபடி. எனக்கு எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடலாம் போல இருந்தது. அதே சமயம், என்னவென்று சொல்லத் தெரியவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்துகொண்டது. எங்களுக்காக ஒருவர் வாசலில் நிற்கிறார். போட்டோ மாட்டிய அன்றைக்குக் கைதட்டல் கேட்டபோதுகூட இந்த மாதிரி இருக்கவில்லை.

அப்போதுதான் பக்கவாட்டு வழியாகக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உள்ளே வந்தார். அந்த பஸ்ஸின் டிரைவர். நேராகக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார், முகம் கழுவினார், கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். எங்கள் வரிசையைப் பார்த்தார். பாத்திரம் கழுவும் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"நானும் வேலைக்காரன்தாங்க. இங்க உக்காரலாமா?" என்று, உள்ளே திரும்பிய அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு ஓடிப்போய் இலை எடுத்து வந்தார். "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லி அவரே தண்ணீர் தெளித்துத் துடைத்து, சோற்றைப் போட்டார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளியே பஸ்ஸுக்குள் ஏறியவர்கள் டிரைவரைத் தேடினார்கள். பெரியவர் திரும்பி வந்து கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்.

"டிரைவரு! இங்க இன்னா பண்ற? வண்டிய எடு, வேற எடம் போலாம்."

டிரைவர் சாம்பாரைச் சோற்றில் பிசைந்துகொண்டே மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "கை கழுவிட்டேனுங்க. இலையும் போட்டுட்டாங்க. சாப்ட்டுட்டு வந்துடறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் வண்டி போவாதுங்களே."

பெரியவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. நல்ல வயதான ஒரு அம்மாள். அந்தப் பெரியவரின் தாயார் என்று பிறகு தெரிந்தது.

"டேய், வண்டியே சாப்பிடப் போயிடுச்சு. இனிமே எங்க போவே? எல்லாரும் எறங்கி வாங்கடி, நெழல்ல உக்காரலாம்" என்று பஸ்ஸைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, அந்த மோரு குடுக்கறேன்னியே, அது எங்க?"

வேப்பமரத்தடியில் ஒரே சிரிப்பு. அம்மா மோர் வாளியும் டம்ளர்களுமாக வெளியே போனார். தம்பியும் என்ன நினைத்தாரோ, இரண்டு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

டிரைவர் அவசரப்படவில்லை. காரக்குழம்பு கேட்டு வாங்கினார். அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டார். எங்களையும் அவர்தான் சாப்பிட வைத்தார். "எல்லா ஓட்டல்லயும் எனக்கு சாப்பாடு சும்மாதாங்க, பஸ்ச கொண்டாந்து நிறுத்தறேனில்ல. ஆனா அடுப்பங்கர ஓரமா ஒரு ஸ்டூலு போடுவாங்க. இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்கன்னு ஹால்ல இலை போட்டுக் கேக்கறது இன்னிக்குத்தான்" என்றார். பக்கத்தில் இருந்த அக்கா, மூடப்போன இலையில் மீண்டும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டார். நானும் மோர் ஊற்றிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தோம். திறந்தது நான்தான். "வாங்க, வாங்க" என்று நான் சொன்னது ஓட்டல்காரனின் வழக்கமான வாங்க இல்லை. என் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவது போல இருந்தது. வயிறு நிறைந்திருந்தது. காலில் வலி இல்லை. அன்றைக்கு நாங்கள் பரிமாறிய பரிமாறல் இருக்கிறதே, அதைப்போல நான் அதற்கு முன் பரிமாறியதில்லை. யாரும் கேட்டு வாங்கவில்லை, இலையில் குறைவதற்குள் வாளி போய் நின்றது. அழுத குழந்தைக்குப் பருப்பும் நெய்யும் பிசைந்து நானே ஒரு வாய் ஊட்டினேன். மாஸ்டர் சமையல்கட்டை விட்டு வெளியே வந்து, ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் மேஜைதான். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சாம்பார் சாப்பிட்டார், குழம்பு சாப்பிட்டார், ரசத்தை இரண்டு தடவை வாங்கினார். கடைசியில் மோர் கொண்டுபோனபோது, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நீங்க மோர் ஊத்திக்கற நேரத்துலதான் நான் வந்து கத்தினேன். அப்பறம் சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேங்க" என்றேன்.

"சரி. எனக்கும் ஊத்துங்க."

அவ்வளவுதான். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. சாப்பிட்டு எழுந்தவர் இலையைத் தானே மடித்துவிட்டுப் போனார். அவருடைய தாயார்தான் சமையல்கட்டு வரை போய், அக்காவைப் பார்த்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம் அம்மா எங்களிடம் அதைப் பற்றி எதுவுமே பேசவில்லை. நாங்களும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லாவை மூடும்போது தம்பிதான் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு பெயிண்டர வரச் சொல்லியிருக்கேன். சாக்பீஸ்ல எழுதினா ரோட்லேர்ந்து தெரியவே மாட்டேங்குது."

மறுநாள் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், வெள்ளையடித்து, நீல எழுத்தில் பெரிதாக எழுதினார்கள். போகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். 'எங்கள் ஊழியர்கள்' என்ற இடத்தில் பெயிண்டர் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார். அதை மாற்ற வேண்டாம் என்றதும் தம்பிதான். சில நாள் கழித்து அவரும் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து எங்களோடு உட்கார ஆரம்பித்தார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்றும் சுவரைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பௌர்ணமி நாட்களில் கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் கதவைச் சாத்துவது நடக்கிற காரியம் இல்லை. அன்றைக்கு மட்டும் ஒரு மேஜையை எங்களுக்கென்று ஒதுக்கி, மூன்று மூன்று பேராக உட்கார வைக்கிறார் அம்மா. வேலை நேரம் குறையவில்லை. சம்பளமும் மற்ற ஓட்டல்களில் கொடுக்கிற அளவுதான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் மெஸ்ஸை விட்டு யாரும் போகவில்லை. சென்னையில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் போனில் கூப்பிட்டு, பெரிய இடம் ஒன்று இருக்கிறது, வருகிறாயா என்றார். நான் காரணம் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒருநாள் பதினொன்றரைக்கு வந்து பார் என்றேன். வந்து பார்த்தார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. போன வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கக் கூலிக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நான் லீவு போட்டிருந்தேன். வழக்கமாக வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு வரப்புக்குச் சோறு போகும். அன்றைக்கு நானே முதலில் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய், மரத்தடியில் இலை போட்டு, அவர்களுக்குப் பரிமாறி, கூடவே உட்கார்ந்து சாப்பிட்டேன். "ஓட்டல்காரரு நெலத்துல வேல செஞ்சா ஓட்டல் சாப்பாடு மாதிரியே கீதுப்பா" என்று ஒரு பெண் கிண்டல் செய்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்த அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார்.

சொந்தக்காரர்கள் கல்யாணங்களில் பார்த்தால், "இன்னும் அந்த சப்ளையர் வேலைதானா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது, "ஆமாம், அதே எடந்தான்" என்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே. இத்தனை வருடத்தில் கணக்கில்லாதவர்களுக்கு நான் சோறு போட்டிருக்கிறேன். நான் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒருவர் பயந்துகொண்டே வாசலில் நின்றாரே, அந்த நினைப்புதான் இன்றும் விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க என்னைத் தலை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.